சும்மா பார்த்தது

“அக்கா, ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!” மாரிசெல்வி தலையணையைத் தூக்கிக் காட்டினாள். “பாருங்க, பூரா எண்ணெய்!”

ஒரகடம் கம்பெனிப் பெண்கள் தங்கும் அந்த ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். டே ஷிப்ட் மாரிசெல்வி இரவில் படுப்பாள்; நைட் ஷிப்ட்காரி பகலில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

“சரிம்மா, காலையில அவளைக் காலி பண்ணச் சொல்லிடறேன்” என்றாள் ஹாஸ்டல்காரி சுந்தராம்பாள். “இன்னா, அதுக்குள்ள போனை நோண்டிகினு கீற?”

“‘சும்மா பார்த்தது’ன்னு ஒரு பக்கம்க்கா. யாரோ தினமும் ஒரு படம் போடுதாவ. நேத்து, பஸ் கண்ணாடியில தன்னையே கொத்துன மைனா. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்.”

இன்றைய படம் வந்திருந்தது. பச்சை இரும்புக் கம்பியில் ஒரு கறுப்புப் பொட்டு. கீழே இப்படி எழுதியிருந்தது:

“என் கட்டிலில் ராத்திரி படுப்பவள் பொட்டை எடுத்து இங்கேதான் ஒட்டுவாள். சிவப்பென்றால் சந்தோஷமாகத் தூங்கியிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். ஒரு வாரமாகக் கறுப்புதான். என்ன கஷ்டமோ, பாவம்.”

மாரிசெல்வி மெல்லக் கையை நீட்டித் தன் கட்டிலின் பச்சைக் கம்பியைத் தடவினாள். பொட்டு அங்கேயே இருந்தது.

“அக்கா! அவ இருக்கட்டும்க்கா!”

“இன்னாம்மா நீ! அப்ப எண்ணெய்?”

“உறையைத் துவைச்சாப் போச்சு.”

மறுநாள் காலை கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. மாரிசெல்வி பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, ஒரு சிவப்புப் பொட்டைக் கம்பியில் ஒட்டிவிட்டுத்தான் ஓடினாள்.