அறுபத்து மூன்றாம் எண் சட்டை

டார்லீனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒஹாயோ மைதானத்தின் உச்சியிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து, அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தைக் கையில் பிடித்து ஓடியது யார், அவனை மடக்கி வீழ்த்தியது யார் என்று வெர்ன் பார்த்துச் சொல்வார். அவள் கணினியில் ஏற்றுவாள். இன்றைக்கும் அவர் அதே எண்ணைச் சொன்னார்.

"ஓடினது முப்பத்திரண்டு. மடக்கினது அறுபத்து மூணு."

"அந்த நம்பர்ல ஆடின டக்கெட் செத்ததுலேருந்து அதை யாருக்கும் தர்றதில்ல வெர்ன். அவன் சட்டை கீழே கண்ணாடிப் பெட்டியில தொங்குது."

"எனக்குத் தெரியாதா? கண்ணுல பட்டதைச் சொன்னேன். வேணாம்னா அழிச்சுக்க."

அழித்தால் மட்டும் தீருமா? மடக்கியவன் எண் இல்லாமல் கணினி அடுத்த வரிக்கு நகராது. போன வாரம் விழுந்தவன் பக்கத்தில் நின்றவன் எண்ணைப் போட்டாள். அவனே போன் செய்து, "நான் தொடவே இல்லையே மேடம்" என்றான்.

"இருங்க, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று ஆட்டத்தின் வீடியோப் பதிவை ஓட்டினாள்.

முப்பத்திரண்டு ஓடி வந்தான். அருகில் யாரும் இல்லை. திடீரென்று இடுப்பு மடங்கி, மல்லாக்க விழுந்தான்.

"பாத்தீங்களா, தானா வழுக்கி விழுந்திருக்கான்."

"நிறுத்தாத. ஓடட்டும்."

மடக்கியவனே கைகொடுத்துத் தூக்கிவிடுவது ஆட்டக்காரர்களின் வழக்கம். விழுந்தவன் கையை மேலே நீட்டினான். ஒரே இழுப்பில் எழுந்து நின்றான். பிறகு, எதிரே ஒருவன் நின்றால் அவன் ஹெல்மெட் இருக்கவேண்டிய உயரத்தில், வெறும் காற்றைச் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான்.