திரையாட்டி

பால் புட்டிகள் ஒன்றோடொன்று உரசும் அந்தக் காலத்துச் சத்தம் இன்னமும் ஹில்டாவின் காதில் இருக்கிறது. பால்காரர் நகர்ந்த மறுகணம், எதிர்வீட்டு மிஸஸ் பிரையர்லியின் ஜன்னலில் சல்லாத்திரை லேசாக அசையும்.

"திரையாட்டி எழுந்தாச்சு!" என்பாள் பக்கத்து வீட்டு நோரா, தன் புட்டியை எடுத்தபடி.

திரையை விலக்கி அக்கம்பக்கத்தை வேவு பார்ப்பவள் என்று அர்த்தம். இங்கிலாந்தில், லங்காஷையரின் அந்த ஆலைத் தெருவில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. 'தானுண்டு தன் வீடுண்டுன்னு இருப்பா' என்பதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது. ஹில்டா அந்தப் பாராட்டை வாங்கியவள். கணவர் இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பியவள்.

ஒரு நாள் திரை அசையவில்லை.

ஹில்டா தேநீர் ஊற்றினாள். குடிக்கத் தோன்றவில்லை. எதிர்வாசலில் பால் புட்டி அப்படியே நின்றது.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கியவளை நோரா மறித்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மிஸஸ் பிரையர்லி வீட்டுக்கு. திரை அசையலை."

"அசையலைன்னா நிம்மதின்னு இரேன். கூப்பிடாமப் போய்க் கதவைத் தட்டுவாங்களா? நாளைக்கு உன்னையும் திரையாட்டிம்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்."

தட்டினாள். பதில் இல்லை. கதவில் கடிதம் போடும் துளையின் மூடியைத் தூக்கி, வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மாடிப்படியடியில் ஒரு கால் தெரிந்தது.

"மிஸஸ் பிரையர்லி!"

"கத்தாதே கண்ணு. உயிரோடதான் இருக்கேன். இடுப்புதான் போச்சு. பின்கதவு திறந்திருக்கு."

ஹில்டா பின்பக்கமாக ஓடி உள்ளே நுழைந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வருவீங்கன்னு தெரியும்," என்றார் மிஸஸ் பிரையர்லி. "இல்லேன்னா தினமும் திரையை எதுக்கு ஆட்டறேன்? இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணுமே. 'என்னைக் கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு வாய்விட்டுக் கேக்க முடியுமா நம்ம தெருவுல?"

"நீங்க எங்களை வேவு பாக்கறீங்கன்னுல்ல நினைச்சோம்!"

"புரை விழுந்த இந்தக் கண்ணாலயா? எதிர்ல வீடு இருக்கறதே எனக்குக் குத்துமதிப்புதான்."

"அப்புறம் நாங்க பாப்போம்னு எப்படி நம்பினீங்க?"

வலியிலும் கிழவிக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்குத் திரையாட்டின்னு பேர் வெச்சீங்களே கண்ணு, பாக்காமலா வெச்சீங்க?"

மிஸஸ் பிரையர்லி அதன்பிறகு பல வருடங்கள் அதே வீட்டில் இருந்தார். மாற்றுச் சாவி ஹில்டாவிடம் இருந்தது.