மிஞ்சிய பித்தளை

எந்தப் பழைய சைக்கிளையும் தட்டிப் பார்க்காமல் தேவசகாயம் கடந்து போனதில்லை. சைக்கிள் கம்பெனியில் பற்றவைப்பவராக இருந்தவர். ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்தில் இரும்புக் குழாயைச் செருகி, நகராமலிருக்கச் சின்னதாய் ஓர் ஆணி அடித்து, மூட்டுக்கு ஒரு பித்தளைத் துண்டு வீதம் உருக்கி உள்ளே ஓடவிட வேண்டும். இரட்டை ஷிப்ட் பார்த்த ஒருநாள், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பையில் ஒரு துண்டு மிச்சம். மறுநாள் போவதற்குள் பிரேம்களெல்லாம் கறுப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு ஒன்றுபோல் நின்றன. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் துண்டால்தான் முப்பத்தோரு வருடமாகத் தட்டுகிறார். பித்தளை ஓடிய கழுத்து கணீரென்று ஒலிக்கும். இதுவரை எல்லாமே கணீரென்றுதான் ஒலித்தன. முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்றோடு போதும் என்று தினமும் நினைப்பார்.

இன்று மேம்பாலத்து உச்சியில், தண்ணீர் கேன்கள் கட்டி நிறுத்தியிருந்த சைக்கிள் விரிசல் விட்ட பானைபோல ‘டொக்’ என்றது. மறுபடி தட்டினார். டொக்.

“என்ன பெருசு, வண்டியப் போட்டுத் தட்டிக்கிட்டிருக்க?” கேன்காரர் பீடியை எறிந்துவிட்டு வந்தார்.

“எத்தன வருசமா ஓட்டுறீங்க?”

“எங்கப்பா வண்டி. இன்னிவரைக்கும் ஒரு மக்கர் பண்ணதில்ல.” ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எதிரே நீண்ட இறக்கம். “கைய எடு பெருசு, நேரமாவுது.”

பித்தளைத் துண்டு நழுவி விழுந்து இறக்கத்தில் உருண்டோடியது. இத்தனை வருடம் ஒற்றை ஆணி பிடித்திருந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் தேவசகாயம்.