மூணு மிதி

"சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே நான் டிரைவர் இல்ல."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார். உள்ளே மனைவி பழைய புடவையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டேங்க. என்னதான் ஆச்சு?"

"பிரேக் பிரேக்குன்னு நச்சரிக்கிறேனாம். 'பிரேக்குக்கு ஒண்ணுமில்லய்யா, உன் காலுக்குத்தான் வயசாயிடுச்சு'ங்கிறாரு முதலாளி. புது டிரைவர் வந்து நிக்கிறான். இருபது வருஷம்! ஒரு கும்பிடு போட்டுட்டு ரெண்டு மணி நேரம் நடந்தே வந்துட்டேன்."

ஒரு காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்த பெரிய கார் அது. பளபளப்பு இன்னும் போகவில்லை, உள்ளேதான் சீக்கு. பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. முதலாளி காலையில் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார், கல் மாதிரி பிடிக்கும். அடிக்கடி மிதித்துச் சூடேறிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கிவிடும். விட்டு விட்டு மூணு மிதி மிதித்தால்தான் நிற்கும். சூடேறிய நேரத்தில் இவர் கால்தான் அந்தக் காருக்குப் பிரேக்.

"மூணு மிதி மிதிக்கணும்னு அந்தப் புது ஆள்கிட்ட சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லலையா?"

"அட, என்ன ஆயிடப்போகுது? ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஊர்ற வண்டி. சாயங்கால நெரிசல்ல சூடேறும், வீட்டு கேட்டுல ஒரு முட்டு முட்டும். அப்பத் தெரியும் என் கால் அருமை. நாளைக்கே 'வாய்யா'ன்னு ஆள் விடுவாரு பாரு."

சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது.

மனைவியின் கையிலிருந்து துணி நழுவியது.

"முதலாளியம்மா இப்பத்தாங்க போன் பண்ணாங்க. உங்கள அனுப்பினது அவங்களுக்கு மனசே ஆறலையாம். மலை மேல ஆஸ்பத்திரியிலேருந்து நம்ம பொண்ணையும் பச்சப்புள்ளையையும் அந்தக் கார்லயே கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"எப்ப?"

"இந்நேரம் இறங்கிட்டிருப்பாங்க. பதினோரு வளைவுங்க..."

மகளின் எண்ணை அழுத்தினார்.

வலி வந்த அவசரத்தில் அவள் விட்டுவிட்டுப் போன போன், அலமாரியில் அடித்தது.