மூன்றாவது படத்தில் சிவப்புப் புள்ளி

அப்பா என் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் துணியைப் பார்த்தார்.

ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். 'தொடாதீர்கள்' என்று எழுதிய பலகை அவருடைய முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. மூன்று தலைமுறைத் துணிக்கடைக்காரரிடம் துணியைத் தொடாதே என்பது, டாக்டரிடம் நாடி பிடிக்காதே என்று சொல்வது மாதிரி.

ஓவியப் படிப்பின் இறுதி வருடக் கண்காட்சி. அதன் கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு சுவர் கொடுத்திருந்தார்கள். என் சுவரில் ஐந்து படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரும் விலையும் எழுதிய சின்னச் சீட்டு. படம் விற்றுவிட்டால் அந்தச் சீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவது வழக்கம்.

என் மூன்றாவது படத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது.

துணி கிழிக்கும் ஒரு கை. கத்தரியால் ஒரு வெட்டு கொடுத்துவிட்டு மீதியைக் கையாலேயே கிழிப்பார்களே, அந்த நொடி. யாரையும் லேசில் பாராட்டாத என் ஆசிரியை, இதன் முன்னால் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நான்காவது, ஜன்னலோரப் பூத்தொட்டி. சுவர் காலியாக இருக்கிறதே என்று மாட்டியது.

இந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு பேரம் இருந்தது. எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் ஒருவருக்கொருவர் தண்ணீர்கூட எடுத்துத் தர மாட்டோம்.

கண்காட்சி முடிவதற்குள் வெளியாள் ஒருவர் ஒரே ஒரு படம் வாங்கிவிட்டால், தோழிகளோடு ஸ்டுடியோ எடுத்து நான் என் பாட்டுக்கு வரைந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அடுத்த தெருக் கிளைக் கடையின் கல்லாவில் நான். பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வாங்கினால் செல்லாது என்று அப்பா தனியாகச் சேர்த்துக்கொண்டார். என் தாய்மாமனை அவருக்குத் தெரியும்.

வெளியாள் என்றால் நிஜ வெளியாள் என்று நான் பதிலுக்குச் சேர்த்தேன். எனக்குச் சித்தப்பாவைத் தெரியும். கடையில் அவருடைய வேலையே வாடிக்கையாளராக இருப்பதுதான். நிஜ வாடிக்கையாளர் படியேறியதும் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி முன்வாசல் வழியே வருவார். எதையாவது பார்த்து வாயைப் பிளப்பார்.

அப்பா புள்ளியைக் கவனித்தார். யார் வாங்கியது என்று கேட்டார்.

பல் டாக்டர் ஒருவர், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டப் போகிறாராம் என்றேன். எப்போது? நேற்று சாயங்காலம். தனியாகவா வந்தார்? மனைவியோடு. மனைவிக்கும் பிடித்ததா? ரொம்ப.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"எவ்வளவு குறைச்ச?"

"குறைக்கலப்பா. சொன்ன விலைக்கே எடுத்துக்கிட்டாங்க."

தலையாட்டல் நின்றது.

வாயை மூடுவதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. பல் டாக்டரை உண்டாக்கினேன். அவருக்கு ஒரு மனைவியை, மாட்டுவதற்கு ஒரு சுவரை உண்டாக்கினேன். பேரத்தை உண்டாக்க மறந்துவிட்டேன்.

மனைவி பக்கத்தில் நிற்க, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிற ஒரு புருஷனை அப்பா முப்பது வருடத்தில் பார்த்ததில்லை.

என் பைக்குள், கைக்குட்டைக்கு அடியில், சிவப்புப் புள்ளிகள் ஒட்டிய ஒரு அட்டை கிடந்தது. அதில் ஒன்று மட்டும் குறைந்திருந்தது.

அப்பா கத்தவில்லை. குனிந்தார். விலைச்சீட்டு உரித்து உரித்தே தேறிய நகம். ஓரம்கூட மடங்காமல் புள்ளி வந்துவிட்டது. என் திங்கட்கிழமை அவருடைய விரல் நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து படங்களையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தார். இந்தத் தடவை துணியைத் தொடவில்லை. கிழிக்கும் கையின் முன்னால் வெகுநேரம் நின்றார். எது நல்ல படம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஓரடி நகர்ந்தார். பூத்தொட்டியின் சீட்டில் புள்ளியை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

"நல்ல சரக்கு மேலயா ஒட்டுவ, கழுதை? பக்கத்துல இருக்கறதுல ஒட்டணும். அது போயிடுச்சுன்னு பார்த்தாத்தான் இதை விடக் கூடாதுன்னு தோணும்."

வாசலில் பேச்சுச் சத்தம். குடையை மடக்கிக்கொண்டே ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். முதல் சுவரைப் பார்த்தார்கள். இரண்டாவதைப் பார்த்தார்கள். அடுத்தது என்னுடையது.

அப்பா தன் கடைப் பெயர் அச்சடித்த பையைக் காலால் என் மேஜைக்கு அடியில் தள்ளினார். மூன்று எட்டு பின்னால் போனார். கைகளைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு, அப்போதுதான் நுழைந்தவர் மாதிரி, அந்தக் கையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

நான் பிறந்ததிலிருந்து என்னை வா, போ, கழுதை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லி அழைத்திராத மனிதர், அறை முழுக்கக் கேட்கிற குரலில் என்னைக் கேட்டார்:

"மேடம், இதாவது இருக்குங்களா? இல்ல, இதையும் கொடுத்துட்டீங்களா?"