கூட்டத்துக்குப் பயந்தவள்

"இந்த வருஷம் நீ கூட்டத்துல ஒரு அடிகூட எடுத்து வைக்க வேணாம். மாடியில உக்காந்து நிம்மதியா பெருமாளைப் பார்க்கலாம்" என்றான் தெட்சிணாமூர்த்தி.

மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து மங்கையர்க்கரசி தலையைத் தூக்கவில்லை. "எதுக்குங்க அதெல்லாம்? எப்பவும் போலவே போயிட்டு வருவோமே" என்றாள்.

ஒரு மாதமாகத் தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கிய இடத்தை இப்படி ஒரே பேச்சில் ஒதுக்கினால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? அவனுக்கும் சுருங்கியது.

மாசிமகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் கூடுவது லேசுப்பட்ட கூட்டமல்ல. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் கடலாட வருவார். மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுவார்கள். பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கும். எல்லையில் மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்க்கும் சுங்கத்துக்காரர்கள்கூட அன்றைக்குக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். எட்டு மாசிமகத்துக்கும் அவளைக் கூட்டிப் போயிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் மணலில் கால் வைத்ததும் மிரண்டுபோய் நின்றுவிடுவாள். "பயமா இருக்குங்க" என்பாள். அப்புறம் அவன்தான் அவளை இழுத்துக்கொண்டு, யார் யாரையோ இடித்து, திட்டு வாங்கி, ஒருவழியாக அலை ஓரம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். போன வருஷம் அந்த நெரிசலில் அவளுடைய வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் ரத்தமே வந்துவிட்டது. இனி இவளை இந்தப் பாடு படுத்தக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான்.

தருமபுரத்தில் அவர்கள் வீட்டில் அம்மா, அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள் என்று பதினோரு பேர். விடிந்தால் அடுப்படி, பொழுது சாய்ந்தால் பாத்திரம். பகலில் பெண்டாட்டியோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் பெரிய அண்ணி தொண்டையைச் செருமுவாள். தெருவில் போனால் அவன் நாலு அடி முன்னே, அவள் பின்னே. வருஷத்தில் அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு நாள்தான். அதையாவது அவள் சந்தோஷமாகக் கழிக்கட்டும் என்பது அவன் ஆசை.

பிறப்பு இறப்பு பதியும் 'மேரி' என்கிற நகரசபை ஆபீசில் அவன் குமாஸ்தா. அங்கே அடிக்கடி வருகிறவர் மீரா சாகிப். சைகோனில் வியாபாரம் செய்து திரும்பியவர். பட்டினத்தில் கடலைப் பார்த்தாற்போல் மாடிவீடு கட்டியிருந்தார். கேட்டதும், "இதுக்குப் போயா தம்பி இவ்வளவு தயங்குனீங்க? வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சிரித்தார்.

மகத்தன்று அந்த மாடியில் எந்த வசதிக்கும் குறைவில்லை. தெற்குப் பக்கம் ஆண்களுக்கு நாற்காலி. வடக்குப் பக்கம் தட்டி கட்டி, பெண்களுக்குப் பாய். சாகிப்பின் மனைவி பத்ருன்னிசா எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தனுப்பினார். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கீழே வியர்த்து வழியும் ஜனத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தட்டி ஓரத்தில் மங்கையர்க்கரசி தெரிந்தாள். கையில் வாங்கிய சர்பத் வாங்கியபடியே இருந்தது. பெருமாள் அலையருகே வந்து எல்லோரும் எழுந்து கும்பிட்டபோது அவளும் கும்பிட்டாள். உடனே உட்கார்ந்து மறுபடியும் கீழே நெரிந்துகொண்டிருந்த கூட்டத்தையே பார்த்தாள்.

தெட்சிணாமூர்த்திக்கு எரிச்சல் தாங்கவில்லை. திருநள்ளாற்றிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் சோமுவிடம் குறைபட்டுக்கொண்டான். கூட்டம் என்றாலே உன் அக்காவுக்கு உயிர் போகிறது, அதற்காகத்தான் இவ்வளவு பாடும். அப்படியும் அவள் முகத்தைப் பார் என்றான்.

சோமு அவனை விசித்திரமாகப் பார்த்தான்.

"கூட்டம்னா பயமா? அக்காவுக்கா? நம்ப கடை கோயில் வாசல்லதானே அத்தான் இருந்துச்சு. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துல, பத்து வயசுப் பொண்ணு, எள்ளு விளக்குத் தட்டைத் தலையில வச்சிக்கிட்டு குளத்துக்கும் கோயிலுக்கும் தனியா ஓடுவா. தொலைஞ்சுபோன பிள்ளைங்களைத் தேடி இழுத்துக்கிட்டு வர்றதும் அவதான்."

தெட்சிணாமூர்த்திக்குச் சுருக்கென்றது. அப்படியானால் எட்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய்யா? எதற்காக? கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது. எழுந்துபோய்த் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, கீழே போகலாமா என்று விறைப்பாகக் கேட்டான். அவன் செருப்பை மாட்டுவதற்குள் அவள் படி இறங்கி வாசலில் நின்றாள்.

வழக்கம்போல் அவன் நாலு அடி முன்னால் நடந்தான். கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டே போனான். மணல் தொடங்கும் இடத்தில், கேட்டுவிடுவது என்று சட்டென்று திரும்பினான்.

அவள் நின்றுவிட்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "பயமா இருக்குங்க" என்று கையை நீட்டினாள்.

கூட்டம் இன்னும் நூறு கஜத்துக்கு அப்பால் இருந்தது.

நீட்டிய அந்தக் கையைப் பார்த்தான். மணவறையை விட்டு எழுந்த பிறகு, நாலு பேர் பார்க்க அவள் கையை அவன் பிடித்ததெல்லாம் இந்தக் கடற்கரையில் மட்டும்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எனக்கும்தான்" என்று பிடித்துக்கொண்டான்.