பெட்டியின் தலைமேல்

ஒரு காரின் டிக்கியில், பாட்டை அதிர அதிர ஒலிக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அதன் தலையிலேயே ஆம்ப்ளிஃபயரை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். பெட்டிக்குச் சக்தி தருவது தான்தான் என்பதால், அந்த இடம் தனக்கே உரியது என்று ஆம்ப்ளிஃபயர் நினைத்தது.

"அண்ணே, நான் பாடினா என் உடம்பே அதிருது. உங்க ஸ்க்ரூ ஒண்ணு கழண்டு விழுந்துருச்சு. சீட்டுப் பக்கம் போயிருங்களேன்" என்றது பெட்டி.

"நான் தள்ளிப் போனா உனக்குக் குரல் வருமாடா?"

"ஒயர் இருக்கேண்ணே."

"ஒயராம்!" என்று ஆம்ப்ளிஃபயர் சிரித்தது.

ஓரத்தில் கிடந்த ஸ்டெப்னி டயர், "விடுப்பா, விழுந்தாத்தான் அவரு நம்புவாரு" என்றது.

அடுத்த பாட்டிலேயே மிச்ச ஸ்க்ரூக்களும் கழன்று, ஆம்ப்ளிஃபயர் டயரின் மேல் சரிந்தது. ஒயர் பிடுங்கிக்கொண்டது. பெட்டி ஊமையானது. தன்னால்தானே அதன் குரல் போயிற்று என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பகீரென்றது.

கார்க்காரர் வந்து ஆம்ப்ளிஃபயரைப் பின்சீட்டின் முதுகில் முடுக்கி, ஒயரைச் செருகினார்.

"குரல் வருதாடா?" என்று கவலையோடு கேட்டது ஆம்ப்ளிஃபயர்.

பெட்டி பாடியது. ஆம்ப்ளிஃபயர் ஆடாமல் அசையாமல் இருந்தது. இத்தனை நாளும் அது அதிர்வை மட்டுமே அறிந்திருந்தது.

பாட்டு முடிந்ததும், "டேய், நீ இவ்வளவு நல்லாவா பாடுவே?" என்றது.